இடைநின்றவர்களா, நிறுத்தப்பட்டவர்களா?

'அதான் உள்ள விட்டாச்சே, இன்னும் என்னய்யா வேணும் ஒங்களுக்கு?'

இட ஒதுக்கீடு பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்குக் காதில் விழுகிற குரல் இதுதான். 'உள்ளே விடாதே, தகுதி போச்சு, திறமை போச்சு' என்று தெருவில் கத்திய அதே கூட்டம், இப்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு இப்படிக் கேட்கிறது. நம்மிலேயே படித்து, வேலைக்குப் போய், நகரத்தில் வீடு கட்டிக்கொண்ட சிலரும் இதையே வேறு மாதிரி சொல்கிறார்கள்: 'கவர்மெண்டு எல்லாம் குடுக்குது, இந்தப் பசங்கதான் ஒழுங்கா படிக்க மாட்டேங்குதுங்க.' இரண்டு குரலுக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்லியாக வேண்டும். அதை நம் ஊர்க் கதையை வைத்துச் சொன்னால், 'ஒங்க சாதிப் புலம்பல்' என்று ஒதுக்கித் தள்ளுவார்கள். ஆகையால் கடல் தாண்டிப் போகிறேன். ரொம்ப அந்நியமான இடத்துக்கு அல்ல. நம்மைப் பிரித்து வைத்த ஏற்பாட்டுக்கு ஐரோப்பியர்கள் வைத்த 'காஸ்ட்' என்ற பெயர் எந்த மொழியிலிருந்து வந்ததோ, அந்தப் போர்த்துகீசிய மொழியைப் பேசுகிற நாட்டுக்கு.

கறுப்பர் இலக்கியம், கறுப்பர் போராட்டம் என்றால் நம் பத்திரிகைகளில் அமெரிக்கா வரும், கொஞ்சம் தென்னாப்பிரிக்கா வரும். 1972இல் மராட்டியத்துத் தலித் சிறுத்தைகள் பெயரை எடுத்துக்கொண்டதும் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான். ஆனால் ஆப்பிரிக்காவுக்கு வெளியே கறுப்பு மக்கள் ஆக அதிகமாக வாழ்கிற நாடு பிரேசில். அடிமைக் கப்பல்களிலிருந்து அந்தக் கரையில் இறக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 48 லட்சம் பேர். 2022 மக்கள்தொகைக் கணக்கில் தம்மைக் கறுப்பர் என்று பதிந்தவர்கள் 10.2 சதவீதம். 'பர்தோ' என்கிற கலப்பு நிறத்தவர் 45.3 சதவீதம். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துத்தான் அங்கே கறுப்பர் இயக்கம் 'நாங்கள்' என்று சொல்கிறது. ஆக, நாட்டில் பாதிக்கு மேல். பாதிக்கு மேல் இருந்துகொண்டு பல்கலைக்கழகத்தில் விருந்தாளி மாதிரி நிற்க வேண்டியிருந்தது எப்படி என்பதுதான் கேள்வி.

1888 மே 13 அன்று பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக ஒழித்த நாடு அது. இளவரசி கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தில் இருந்தவை இரண்டே பிரிவுகள். முதல் பிரிவு: அடிமை முறை ஒழிந்தது. இரண்டாம் பிரிவு: இதற்கு மாறான சட்டங்கள் செல்லாது. அவ்வளவுதான். நிலம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மூன்று நூற்றாண்டுக் கூலி பாக்கி பற்றி ஒரு வார்த்தை இல்லை, பள்ளிக்கூடம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நிலத்தை முன்கூட்டியே பூட்டியும் வைத்திருந்தார்கள். அரசு நிலத்தைக் காசு கொடுத்து வாங்கினால்தான் உண்டு என்று 1850லேயே சட்டம் போட்டாகிவிட்டது. காப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? ஐரோப்பாவிலிருந்து வெள்ளைக் குடியேறிகளைக் கப்பல் கட்டணம் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். 1890இல் ஓர் ஆணை போட்டு, ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருகிறவர்களுக்கு மட்டும் தனி அனுமதி வேண்டும் என்றார்கள். இத்தனையும் செய்துவிட்டு, 'எங்க நாட்டுல நிற பேதமே கிடையாது, எல்லாரும் கலந்து வாழுறோம், இது இன ஜனநாயகம்' என்று இருபதாம் நூற்றாண்டு முழுக்கப் பாட்டுப் பாடினார்கள். 'எங்க ஊர்ல எல்லாரும் தாயா பிள்ளையா பழகுறோம்' என்கிற வசனத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தப் பாட்டின் ராகம் தெரியும்.

விடுதலையான மக்கள் நகரத்துக்கு வந்தார்கள். ரியோவில் 1903 முதல் 1906 வரை நகரத்தை அழகுபடுத்துகிறோம் என்று ஏழைகளின் குடியிருப்புகளை இடித்தார்கள், மக்கள் மலைச்சரிவில் ஏறினார்கள். 1960களில் அந்த ஃபவேலாக்களையும் பெயர்த்து வெகுதூரத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். சாவோ பாவ்லோவில் 1980களில் நகரின் கிழக்குக் கோடியில் சிடாடே டிராடென்டெஸ் என்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டி ஏழைகளை அனுப்பினார்கள். வீடு உண்டு, வேலை கிடையாது. வேலை இருக்கிற இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நகரமே கிடக்கிறது. இப்படிப்பட்ட இடங்களை அங்கே 'பெரிஃபெரியா' என்கிறார்கள். இதைப் 'புறநகர்' என்று மொழிபெயர்த்தால் தப்பு. புறநகர் என்றால் நம்மிடத்தில் மனை விற்கிறவன் விளம்பரம்தான் ஞாபகத்துக்கு வரும். சேரி என்று சொல்லிவிடவும் முடியாது, அதில் அங்கே இல்லாத தீட்டு இருக்கிறது. ஆனால் ஊர் தனக்கு வேண்டிய உழைப்பைப் பகலில் வாங்கிக்கொண்டு ராத்திரியில் ஆளை வெளியே அனுப்புகிற அந்த ஏற்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

இனி பல்கலைக்கழகத்துக்கு வருவோம். பிரேசிலில் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. தரமும் அங்கேதான் அதிகம். அடடா, எவ்வளவு நல்ல நாடு என்று தோன்றும். ஆனால் உள்ளே போக 'வெஸ்திபுலார்' என்ற நுழைவுத் தேர்வு. பணக்கார வீட்டுப் பிள்ளை காசு கொட்டித் தனியார் பள்ளியில் படிக்கும், பிறகு கோச்சிங் சென்டரில் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ உட்காரும், அப்புறம் இலவசமான அரசுப் பல்கலைக்கழகத்துக்குள் போகும். ஏழைப் பிள்ளை இலவசமான அரசுப் பள்ளியில் வாத்தியார் இல்லாத வகுப்பில் உட்கார்ந்து எழுந்து, பிறகு பகலெல்லாம் வேலை பார்த்த காசைக் கட்டித் தனியார் கல்லூரியில் ராத்திரி வகுப்பில் சேரும். எவனிடம் பணம் இருக்கிறதோ அவனுக்கு இலவசம், இல்லாதவனுக்குக் கட்டணம். இந்தத் தலைகீழ் ஏற்பாட்டுக்குப் பெயர் 'தகுதி'.

தகுதிக்காரர்களுக்கு ஒதுக்கீடு பிடிக்காது என்றா நினைக்கிறீர்கள்? 1968இல் ராணுவ ஆட்சி ஒரு சட்டம் போட்டது. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'மாட்டுச் சட்டம்'. விவசாயக் கல்லூரிகளிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் பாதி இடம் விவசாயிகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும். நிலம் இருக்கிறவன், இல்லாதவன் இருவருக்கும் என்று எழுதியிருந்தது. உயர்நிலைப் பள்ளியை முடித்துவிட்டுக் கல்லூரி வாசலுக்கு வந்து நிற்க வசதி இருந்தது யாருக்கு? பண்ணையார் பிள்ளைக்கு. 1985 வரை அந்தச் சட்டம் இருந்தது. பதினேழு வருஷம் எந்தப் பேராசிரியரும் 'தரம் கெட்டுப்போச்சு' என்று தெருவுக்கு வரவில்லை. ஒதுக்கீடு தங்கள் வீட்டுக்கு வந்தால் அது வேளாண் வளர்ச்சி, கறுப்பர் வீட்டுக்குப் போனால் தேசத்தைப் பிளக்கிற சதி.

கதவை யாரும் தயவுசெய்து திறந்துவிடவில்லை. 1992இல் சல்வடோர் நகரத்தில் ஸ்டீவ் பிகோ பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, கறுப்பு இளைஞர்களுக்குத் தாங்களே நுழைவுத் தேர்வுப் பயிற்சி கொடுத்தார்கள். கணக்கும் போர்த்துகீசியமும் சொல்லித் தந்ததோடு, கறுப்பு உணர்வு என்பதையும் ஒரு பாடமாக வைத்தார்கள். 1993இல் ரியோவை ஒட்டிய பைஷாதா பகுதியில் 'கறுப்பருக்கும் வறியோருக்குமான' பயிற்சி வகுப்புகள் தொடங்கின. மாரே என்கிற ஃபவேலாத் தொகுதிக்கு எதிரே, தண்ணீருக்கு அந்தப் பக்கத்தில், ரியோ கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. அங்கிருந்து எப்படியோ படித்து மேலே வந்த சிலர் 1997இல் சேர்ந்து ஒரு மையம் அமைத்து அந்த இடத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். அதில் உட்கார்ந்து படித்த பெண்தான் மரியெல் ஃபிராங்கோ. உதவித்தொகையில் சமூகவியல் படித்தார். ஃபவேலாக்களைப் போலீஸ் ஆக்கிரமித்ததைப் பற்றி ஆய்வு எழுதி 2014இல் முதுகலைப் பட்டம் வாங்கினார். ரியோ மாமன்ற உறுப்பினரானார். 2018 மார்ச் 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். படித்து மேலே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உபதேசம் பண்ணுகிறவர்கள் இந்த ஒரு வாழ்க்கையைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

ரியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2003இல் ஒதுக்கீட்டு மாணவர்கள் முதன்முதலாக வந்தார்கள். 2004இல் பிரேசிலியா பல்கலைக்கழகம். உடனே ஆரம்பித்தது கூச்சல். 2008இல் அறிவாளிகள், கலைஞர்கள் உட்பட 113 பேர் 'நிறவெறி எதிர்ப்புக் குடிமக்கள்' என்று தமக்குத் தாமே பட்டம் சூட்டிக்கொண்டு உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் கொடுத்தார்கள். என்ன கோரிக்கை? கறுப்பருக்கு இடம் கொடுக்காதீர்கள் என்பது. யார் கறுப்பர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாரும் கலந்துவிட்டோமே என்றும் கேட்டார்கள். அங்கே இயக்கத்தார் சொல்கிற பதில் சுருக்கமானது: போலீஸ்காரனைக் கேள், அடுக்குமாடி வாசல் காவலாளியைக் கேள், அவர்களுக்கு இதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. 2012 ஜனவரியில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழக வளாகத்தில் கூடியிருந்த மாணவர்களில் கறுப்பாக இருந்த ஒருவரைத்தான் போலீஸ்காரர் ஒருவர் 'நீ மாணவனா, கார்டைக் காட்டு' என்று பிடித்து இழுத்தார். அந்தக் காட்சியை நாடே படமாகப் பார்த்தது. அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ஒதுக்கீடு செல்லும் என்றது. ஆகஸ்டில் சட்டம் வந்தது: கூட்டாட்சிப் பல்கலைக்கழகங்களில் பாதி இடம் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, அதற்குள் வருமான வரம்பு, அதற்குள் அந்தந்த மாநில மக்கள்தொகைக்கு ஏற்பக் கறுப்பர், பர்தோ, பழங்குடியினர் பங்கு.

இங்கே நம் இடதுசாரி நண்பர்கள் உடனே ஒன்று கேட்பார்கள்: 'பள்ளியும் வருமானமும் பார்த்தாலே போதுமே, நிறம் எதுக்கு?' அந்தச் சட்டம் மூன்றையும் சேர்த்தே பார்க்கிறது. ஏழ்மையை மட்டும் கணக்கில் எடுத்தால், ஏழைகளிலும் வெள்ளையாக இருப்பவன் முந்திக்கொள்வான். அந்த வளாகத்தில் கார்டு கேட்ட போலீஸ்காரர் யாருடைய சம்பளச் சீட்டையும் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.

2018இல் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் கறுப்பரும் பர்தோவும் சேர்ந்து 50.3 சதவீதம் ஆனார்கள். பிரேசில் வரலாற்றில் முதல் முறை. 'சரி, உள்ள வந்தாச்சு, இன்னும் என்ன' என்கிற கேள்வி இங்கேதான் வருகிறது. நானும் இங்கேதான் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சிடாடே டிராடென்டெஸில் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கோடியில் வீடு. சாவோ பாவ்லோ பல்கலைக்கழகம் மேற்கே, புத்தான்தாவில். பஸ், ரயில், மறுபடி பஸ். போக இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது, வர இரண்டு மணி. அந்த நாட்டுச் சட்டப்படி கல்வியாண்டுக்குக் குறைந்தது 200 நாள். ஒருநாளைக்கு நான்கு மணி என்றால் வருஷத்துக்கு 800 மணி. நான்கு வருஷப் படிப்புக்கு 3,200 மணி. பிரேசிலில் ஆசிரியர் ஆவதற்கான பட்டப்படிப்புக்கு நிர்ணயித்திருக்கிற குறைந்தபட்சப் பாட நேரம் எவ்வளவு தெரியுமா? 3,200 மணி. ஆக, அந்தப் பெண் ஒரு பட்டத்தை வகுப்பில் படிக்கிறாள், இன்னொரு பட்டத்தை பஸ்ஸில் நின்றுகொண்டே முடிக்கிறாள். இரண்டாவதுக்குச் சான்றிதழ் கிடையாது, ஸ்காலர்ஷிப் கிடையாது, பட்டமளிப்பு விழா கிடையாது.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பையன் பல்கலைக்கழகத்துக்குப் பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிறான். அவன் வீட்டுச் சமையல், துணி, பாத்திரம் எல்லாம் யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அந்த 'யாரோ' பெரும்பாலும் பெரிஃபெரியாவிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வருகிற ஒரு கறுப்புப் பெண். இந்தப் பெண்ணின் அம்மாவாகவே இருக்கலாம். அம்மா துடைத்துக் கொடுத்த மேசையில் அவன் படிக்கிறான், அம்மா இல்லாத வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு இவள் படிக்கிறாள். பரீட்சையில் அவன் 90, இவள் 80 என்றால், அந்தப் பத்து மார்க்குக்குப் பெயர் தகுதியாம். அது அவன் வீட்டுக்குப் போன அம்மாவின் நேரம். தகுதி தகுதி என்று இவர்கள் கொண்டாடுவதில் பெரும்பகுதி, அடுத்தவரிடமிருந்து எடுத்துக்கொண்ட நேரம்தான் என்பது என் வாதம்.

மருத்துவம் போன்ற படிப்புகள் காலையிலிருந்து மாலை வரை. வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியாது. பாடத்தை நகல் எடுக்கக் காசு, மதியச் சாப்பாட்டுக்குக் காசு. மாரேயில் போலீஸ் நடவடிக்கை நடக்கிற நாளில் பள்ளிக்கூடங்களையே மூடிவிடுகிறார்கள். அன்றைக்குப் பரீட்சை இருந்தால் எப்படி வெளியே வருவது? பேராசிரியரிடம் போய் 'சார், எங்க தெருவுல துப்பாக்கிச்சூடு' என்று காரணம் எழுதிக் கொடுப்பதற்கு எந்தப் படிவம் இருக்கிறது? 2013 ஜூனில் சாவோ பாவ்லோவில் பஸ் கட்டணம் 3 ரியாலிலிருந்து 3.20 ஆனபோது நாடே கொந்தளித்தது. 'இருபது சென்டாவோவுக்கா இவ்வளவு ரகளை' என்று சொன்னவர்கள், அந்த இருபதைத் தினமும் நான்கு தடவை எண்ணிப் பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

உதவித்தொகை கொடுக்கிறார்களே என்பீர்கள். கொடுத்தார்கள். 2013இல் கூட்டாட்சி அரசு ஏழை மாணவர்களுக்கென்று மாதம் 400 ரியால் அறிவித்தது. அப்போது குறைந்தபட்ச மாதக் கூலி 678. பத்து வருஷம் அந்த 400 அப்படியே கிடந்தது. 2023இல் கூலி 1,300ஐத் தாண்டிய பிறகுதான் 700 ஆக்கினார்கள். கூலியில் பாதிக்கு மேல் இருந்த தொகை, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே தேய்ந்துபோனது. யாரும் எந்த உத்தரவும் போடவில்லை. சும்மா இருந்தே வெளியே தள்ளலாம் என்பதற்கு இது உதாரணம்.

இதற்கு நேர்மாறான சாட்சி ரியோ மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு உதவித்தொகையும் சேர்ந்து வந்தது. அங்கே ஒதுக்கீட்டில் வந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் படிப்பைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். தரம் கெடும், வகுப்பே படுத்துவிடும் என்ற சோதிடம் பலிக்கவில்லை. பிறகு 2016, 2017இல் மாநில அரசு திவாலானது. சம்பளமும் உதவித்தொகையும் மாதக்கணக்கில் நின்றன, வகுப்புகள் முடங்கின. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது நீண்ட விடுமுறை. உதவித்தொகையில் பஸ் ஏறியவனுக்கு அது படிப்பின் முடிவு. அதே மாணவர்கள், அதே மூளை. காசு வந்தபோது நிலைத்தார்கள், காசு நின்றபோது தள்ளாடினார்கள். இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்?

அதிகார மொழியில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அங்கே 'எவசாவ்', தப்பித்துப் போதல் என்று அர்த்தம். இங்கே 'இடைநிற்றல்'. இரண்டுமே தன்வினை. ஏதோ பிள்ளைகள் தாமாகவே ஓடிப்போன மாதிரி, நடுவழியில் கால் வலித்து நின்றுவிட்ட மாதிரி. நிறுத்தியவனைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடுகிற இலக்கணம் இது. மொழியைக் கையில் வைத்திருப்பவர்கள் தங்கள் பெயரை இப்படித்தான் அழித்துக்கொள்கிறார்கள்.

பாடத்திட்டத்துக்குள்ளும் இதே கதைதான். சாவோ பாவ்லோவின் கனிந்தே ஃபவேலாவில் காகிதம் பொறுக்கிப் பிழைத்தவர் கரோலினா மரியா டி ஜீசஸ். இரண்டு வருஷம்தான் பள்ளிக்கூடம். பொறுக்கிய நோட்டுகளில் எழுதிய நாட்குறிப்பு 1960இல் புத்தகமாகி உலகம் முழுக்கப் போனது. 1977இல் செத்துப்போனார். 2021இல் ரியோ கூட்டாட்சிப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பெரிஃபெரியாவின் ராப் குழுவான ரசியோனாய்ஸ் 1997இல் வெளியிட்ட பாட்டுத் தொகுப்பை, கம்பினாஸ் பல்கலைக்கழகம் 2020ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வுக்குக் கட்டாயப் பாடமாக வைத்தது. நல்ல விஷயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டு வளாகத்துக்குள் வருவதற்கு பஸ் சார்ஜ் கிடையாது. செத்தவருக்குப் பட்டம் கொடுப்பதற்கு விடுதியில் இடம் தேடவும் வேண்டியதில்லை. கரோலினாவின் பேத்தி வயசில் ஒருத்தி காகிதம் பொறுக்காமல் படிக்க வேண்டும் என்றால்தான் பட்ஜெட்டில் காசு இல்லை என்பார்கள்.

ஒதுக்கீட்டு இடம் மட்டமானது என்று வெளியில் பேசுகிறவர்கள் ரகசியமாக அதைத் திருடவும் செய்கிறார்கள். கறுப்பர் என்று பொய்யாக எழுதிக் கொடுத்து நுழைந்த 15 மாணவர்களை 2020இல் பிரேசிலியா பல்கலைக்கழகம் வெளியேற்றியது. போலிச் சாதிச் சான்றிதழ் தெரிந்த நமக்கு இது புதுசில்லை. நம் அடையாளத்தைச் சுமக்க மாட்டான், அதன் பேரில் வருகிற இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வான்.

கதவு என்பது பாதி விஷயம்கூட இல்லை என்பதைத்தான் இவ்வளவும் காட்டுகிறது. கதவைத் திறந்துவிட்டு, படியை எடுத்துவிட்டு, ஏறி வருகிறவன் மூச்சு வாங்குவதைப் பார்த்து 'பார், இவனுக்குத் தெம்பில்லை' என்று சொல்வது பழைய தந்திரம். 2024இல் பிரேசிலில் மாணவர் உதவித் திட்டத்தைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். ஆணையாக இருந்ததைச் சட்டமாக்க வைத்தது அங்கே நடந்த போராட்டம். உதவித்தொகை தர்மம் இல்லை, ஒதுக்கீட்டின் மறுபாதி என்று அவர்கள் புரியவைத்திருக்கிறார்கள். இங்கே ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை 2016 ஜனவரியில் இழந்தபோது, மாதக்கணக்கில் அவருக்கு ஆய்வு உதவித்தொகை வராமல் நின்றிருந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அடுத்த தடவை எவராவது இடைநிற்றல் கணக்கை எடுத்துக்கொண்டு வந்தால், பக்கத்தில் இன்னும் சில கட்டங்கள் போடச் சொல்லுங்கள். உதவித்தொகை எத்தனை மாதம் தாமதம்? விடுதியில் எத்தனை பேருக்குப் படுக்கை? வீட்டிலிருந்து வகுப்புக்கு எத்தனை மணி நேரம்? படிக்கிற பிள்ளை வேலைக்கும் போகிறதா? இந்தக் கட்டங்களை நிரப்பிவிட்டு வந்து பேசட்டும். நிரப்ப மாட்டேன் என்கிறவன் எவனாக இருந்தாலும், அவன் நம்மாளாகவே இருந்தாலும், 'பசங்க ஒழுங்கா படிக்கல' என்று சொல்ல அவனுக்கு வாய் கிடையாது.